மாதிரி காயில்

2022 ஏப்ரல், ஒரு வியாழக்கிழமை மத்தியானம். பட்டறையின் பின்பக்கம் உட்கார்ந்து ஒரு மோட்டாரின் ஸ்டேட்டருக்கு, அதாவது காயில்கள் உட்காருகிற அசையாத பாகத்துக்கு, லெதராய்டு பேப்பர் வெட்டிக்கொண்டிருந்தேன். முன்னால் மேஜைமேல் கிடந்த என் போன் அடித்தது. தம்பியை எடுக்கச் சொன்னேன். தம்பி என்றால் என்னிடம் வேலை பழகும் பையன். அப்போது அவனுக்கு 17 வயது. சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

“சொல்லுங்கய்யா... உங்க மோட்டாரா? வார்னிஷ் காயுதுங்கய்யா. காஞ்ச ஒடனே மாட்டிருவோம். நாளைக்குச் சாயங்காலம் ஒரு போன் அடிச்சிட்டு வாங்க.”

வார்னிஷ் என்பது காயிலெல்லாம் கட்டி முடித்த பிறகு கடைசியில் ஊற்றுவது. அந்த மோட்டாரை நாங்கள் இன்னும் பிரிக்கவே இல்லை. வந்து மூன்று நாளாகச் சுவரோரம், சேறு காய்ந்த மேனிக்கு அப்படியே கிடந்தது.

அவன் பொய் சொன்னதைவிட, சொன்ன விதம்தான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. ‘காயுதுங்கய்யா’ என்பதில் ஒரு இழுப்பு. அதற்கு முன்னால், மோட்டாரைத் திரும்பிப் பார்ப்பது போல ஒரு சின்ன இடைவெளி. கடைசியில் ‘ஒரு போன் அடிச்சிட்டு வாங்க’ என்று ஆளை ஒரு நாள் தள்ளிவிடுகிற சாமர்த்தியம். அத்தனையும் என்னுடையது. நான் ஒருநாளும் அவனை உட்காரவைத்து இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. காயில் கட்டச் சொல்லிக்கொடுத்தேன், கனெக்‌ஷன் கொடுக்கச் சொல்லிக்கொடுத்தேன், மெக்கர் வைத்து இன்சுலேஷன் பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். அதிலெல்லாம் அவன் இன்னும் தடுமாறிக்கொண்டிருந்தான். இதை மட்டும் ஒரு பிசிறில்லாமல் கற்றிருந்தான்.

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். “ஏன்டா பொய் சொல்ற?” என்று சத்தம் போட்டேன். அவன் பயப்படவில்லை, குழம்பிப்போய் நின்றான். “நீங்க சொல்றதத்தானண்ணே சொன்னேன்” என்றான். குரலில் எதிர்த்துப் பேசுகிற தோரணை இல்லை. சரியாகச் செய்த வேலைக்கு ஏன் திட்டு விழுகிறது என்று அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் நான் எடுக்க வேண்டிய பாடம் மலைப்பிரசங்கம். மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் சத்தியம் பண்ணுவதைப் பற்றி வருகிற பகுதி. உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள் என்று ஆண்டவர் சொல்லும் இடம். குறிப்பெல்லாம் எழுதி, வேதாகமத்துக்குள் மடித்து வைத்திருந்தேன்.

என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். மதுரையில் சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில் மோட்டார் வைண்டிங் பட்டறை, அதாவது எரிந்த மோட்டாருக்குப் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கட்டுகிற பட்டறை, வைத்திருக்கிறேன். உசிலம்பட்டி, வாடிப்பட்டி, அலங்காநல்லூர், திருமங்கலம் என்று சுத்துப்பட்டு ஊர்களிலிருந்து எரிந்துபோன மோட்டார்கள் வரும். சித்திரை வைகாசியில் வோல்டேஜ் படுத்துவிடும். மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்துச் சூடாகும். இல்லாவிட்டால் மூன்று பேஸில் ஒன்று போய்விடும், அது தெரியாமல் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். பிரித்துப் பார்த்தால் சொல்லிவிடலாம். ஸ்டார் கனெக்‌ஷன் மோட்டாரில் ஒரு பேஸ் போயிருந்தால், இரண்டு பேஸ் காயில்கள் கருகியிருக்கும், மூன்றாவது புதுசு மாதிரி பளபளவென்று இருக்கும். கன்டென்சர் போட்டு இரண்டு பேஸில் ஓட்டுகிறவர்களும் உண்டு. கிணற்றில் தண்ணீர் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு. அதைக் குறை சொல்ல நான் யார்?

இந்தத் தொழிலில் ஒரு விஷயம் உண்டு. மோட்டாரை மூடிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று கட்டினவனுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். 21 கேஜ் கம்பியின் கனம் 0.81 மில்லிமீட்டர். 22 கேஜ் 0.71. பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் பழகாத கண்ணுக்கு வித்தியாசம் பிடிபடாது. ஆனால் 21 போட வேண்டிய இடத்தில் 22 போட்டால் செம்பு ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்துபோகும். மோட்டார் ஓடும், தண்ணீர் கொட்டும், விவசாயி காசைக் கொடுத்துவிட்டுப் போவார். அடுத்த கோடையில் எரியும். அப்போது கரண்ட்காரர்கள் மேல் பழி விழும்.

அப்புறம் இந்த மாதிரி காயில். எரிந்த மோட்டாரைப் பிரிக்கும்போது ஒரே ஒரு காயிலையாவது உடைக்காமல், உருக்குலையாமல் எடுத்து வைப்போம். எத்தனை சுற்று, என்ன கேஜ், ஸ்டேட்டரில் எந்த ஸ்லாட்டிலிருந்து (பள்ளத்திலிருந்து) எந்த ஸ்லாட்டுக்குப் போகிறது, எவ்வளவு நீளம் என்பதெல்லாம் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் அச்சு போடுவோம், மற்ற காயில்களைச் சுற்றுவோம். இதில் உள்ள ஆபத்து என்னவென்றால், முன்பு கட்டினவன் நாலு சுற்றைக் குறைத்திருந்தால் அந்த மாதிரியிலும் நாலு சுற்று குறைவாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து நீங்கள் ஒழுங்காக, உண்மையாக, ஒன்றுவிடாமல் எண்ணிச் சுற்றினாலும் மோட்டார் கெட்டதுதான். உங்களுக்கு அடுத்தவன் உங்கள் காயிலை மாதிரியாக எடுப்பான்.

பெரியண்ணன் அதனால்தான் ஒரு நோட்டு வைத்திருந்தார். எந்தக் கம்பெனி மோட்டார், எத்தனை குதிரைத்திறன், எத்தனை ஸ்லாட், கம்பெனியில் கட்டி வந்தபோது என்ன கணக்கு என்று, கை படாத மோட்டார் எது வந்தாலும் எழுதி வைத்துவிடுவார். முன்பே யாரோ கட்டின மோட்டார் வந்தால் மாதிரியை எண்ணிவிட்டு நோட்டைப் புரட்டுவார். இரண்டும் ஒத்துவந்தால்தான் அச்சைத் தொடுவார்.

1994இல், 16 வயதில் அவரிடம் சேர்ந்தேன். அவர் தம்பி கல்லாவில் உட்கார்ந்திருப்பார், அவர் சின்னண்ணன். இவர் பெரியண்ணன். பட்டறையில் எல்லாருக்கும் அதுதான் பெயர். சேர்ந்து ஆறேழு மாதம் வரைக்கும் அவர் கிறிஸ்தவர் என்றே எனக்குத் தெரியாது. மேஜையில் படம் இல்லை, வசனக் காலண்டர் இல்லை, வாயைத் திறந்தால் ஸ்தோத்திரம் சொல்கிற வழக்கமும் இல்லை. நான் பிறந்ததிலிருந்தே சபைக்குப் போகிறவன், போனேன் என்ற பேருக்கு. அடுத்த வருஷம் பெரிய வெள்ளி ஆராதனைக்கு அம்மா இழுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் சபை இல்லை, ஊருக்குள் வேறு ஒரு கோயில். கடைசி வரிசையில், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பெரியண்ணன் உட்கார்ந்திருந்தார். மூன்று மணி நேரமும் தலையை நிமிர்த்தவில்லை.

மறுநாள் பட்டறையில் அவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அதுவரை நான் அவரிடம் பார்த்ததெல்லாம் அன்றைக்கு எனக்கு வேறு வெளிச்சத்தில் தெரிந்தது. பேரிங் மாற்றினால் பழைய பேரிங்கைச் செய்தித்தாளில் சுற்றி ஆள் கையில் கொடுப்பார். ‘மாத்தினேன்னு நான் சொன்னா நீங்க நம்பணும்ல’ என்பார். எரிந்த செம்பை எடைபோட்டு, சாக்கில் கட்டி, “இது உங்க செம்பு. வேணும்னா நான் எடுத்துக்கிட்டுக் கூலியில கழிக்கிறேன், இல்ல கொண்டு போங்க” என்பார். 5 குதிரை மோட்டார் என்றால் நாலு கிலோ பக்கம் செம்பு வரும். அது தன்னுடையது என்பதே பல பேருக்குத் தெரியாது. சுற்றும்போது வாய்விட்டு எண்ணுவார். யாராவது நடுவில் பேசினால் கையை மட்டும் உயர்த்துவார், எண்ணிக்கை நிற்காது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் எங்களோடு தரையில் உட்கார்ந்து, மண்ணெண்ணெய் விட்டு ஒவ்வொரு ஸ்பேனராகக் கழுவித் துடைப்பார். மறுநாள் பையன்கள் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிடுவார்கள். அதற்கு முன்னால் வந்து எல்லாருக்கும் துணியும் போனஸும் கொடுத்துவிட்டு, பொரி பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். ஒரு பையன் ஏன் நிற்க மாட்டேன்கிறீர்கள் என்று கேட்டான். “நான் கும்பிடுறது வேறப்பா. அதுக்காக நீ கும்பிடுறத நான் கெடுக்கலாமா?” என்றார். அவர் விசுவாசத்தைப் பற்றிப் பட்டறையில் பேசி நான் கேட்டது அநேகமாக அந்த ஒரு தடவைதான்.

ஒன்று மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். 1996 என்று நினைவு. வாடிப்பட்டிப் பக்கத்து மோட்டார் ஒன்று கட்டி அனுப்பி நாலு நாள் ஆகியிருந்தது. கம்பி ஸ்டாக்கை எடை பார்த்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். 21 கேஜ் ரீல் குறைந்திருக்க வேண்டிய அளவுக்குக் குறையவில்லை, 22 குறைந்திருக்கிறது. கட்டினது நான். அவசரத்தில் ரீல் மாறிப்போயிருந்தது. வேண்டுமென்று செய்யவில்லை, ஆனால் பாதியில் எனக்கே சந்தேகம் வந்து, இனி யார் பிரிப்பது என்று விட்டுவிட்டேன். அதுதான் உண்மை. அதை அவரிடம் சொன்னேன். திட்டப்போகிறார் என்று நின்றேன். சட்டையை மாட்டினார். “வா, போய் எடுத்துட்டு வந்துருவோம்” என்றார். வண்டி வாடகை அவர் கை. கிணற்று மேட்டில் அந்த விவசாயியிடம், “கம்பி மாறிப் போச்சுங்க. என் தப்பு. ரெண்டு நாள்ல சரி பண்ணித் தாரேன்” என்றார். என் தப்பு என்று சொன்னார். பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாடகை, கம்பி, கூலி எதையும் என் சம்பளத்தில் பிடிக்கவும் இல்லை. அன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல் அவரும் நானும் அதைப் பிரித்தோம்.

அந்த மாதிரியை வைத்துக் கட்டப்பட்டவன் நான். 2009இல் தனியாகப் பட்டறை போட்டேன். 2015இல் பெரியண்ணன் தவறிப்போனார். எங்கே, எப்போது நாலு சுற்று குறைந்தது என்று இன்றைக்கு யோசித்தால் ஒரு குறிப்பிட்ட நாளைச் சொல்ல முடியவில்லை. கேஜில் நான் ஏமாற்றியதில்லை, செம்பில் ஏமாற்றியதில்லை. அதனாலேயே என்னை யோக்கியன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோடையில் ஒரே நேரத்தில் பதினைந்து மோட்டார் வந்து விழும். இன்னும் பிரிக்கவில்லை என்று நிஜத்தைச் சொன்னால் ஆள் தூக்கிக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போய்விடுவார். வார்னிஷ் காய்கிறது என்றால் போகமாட்டார். யாருக்கும் கெடுதல் இல்லாத, தொழிலுக்கு உண்டான ஒரு பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். எல்லாரும் சொல்கிறார்கள். எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. சொல்லும்போது பக்கத்தில் ஒரு பையன் நின்று கேட்டுக்கொண்டிருப்பான் என்பதை மட்டும் நினைக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் தம்பியை வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு, முந்தின நாள் போன் பண்ணின பெரியவரைப் பார்க்க உசிலம்பட்டிக்குப் போனேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் சொன்னதை அவன் கேட்டிருந்தான், அதனால் இதையும் அவன் கேட்க வேண்டும் என்று தோன்றியது. செக்கானூரணி தாண்டும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் அவன், “நான் சொன்னதுக்கு மாப்புக் கேக்கணுமாண்ணே?” என்றான். “நீ இல்லப்பா, நான்” என்றேன்.

பெரியவர் மல்லிகைத் தோட்டத்தில் நின்றார். ஒரு ஏக்கர் இருக்கும். பாத்தியெல்லாம் வெடித்துக் கிடந்தது. பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து குழாய் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் வாங்கியிருந்தார், அதுவும் பாதி வரப்புக்குத்தான் எட்டியிருந்தது. நான் சொன்னேன். ஐயா, உங்கள் மோட்டாரை இன்னும் பிரிக்கவில்லை, வார்னிஷ் காய்கிறது என்று இந்தப் பையன் சொன்னது நான் சொல்லிப் பழக்கின பொய், மன்னிச்சுக்கங்க, இன்றைக்கே பிரித்து ஞாயிறு கழித்துத் திங்கட்கிழமை நானே கொண்டுவந்து மாட்டித் தருகிறேன் என்று.

அவர் கோபப்படவில்லை. அதற்கு நான் தயாராக இருந்தேன். ஆனால் அவர் சொன்னதற்கு நான் தயாராக இல்லை.

“அட அது எனக்குத் தெரியும் தம்பி. எல்லாப் பயலும் அதத்தான் சொல்றான். உன் பழைய மொதலாளி வியாழக்கிழமைன்னா வியாழக்கிழமை. நீ வியாழக்கிழமைன்னா நான் ஞாயித்துக்கிழமைன்னு வச்சுக்குவேன். அதுக்குத்தான் பக்கத்துத் தோட்டத்துல தண்ணி சொல்லி வச்சேன்.”

ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். எங்களுக்கு மோர் கொடுத்தார். பெரியண்ணனிடம் 15 வருஷம் வேலை பார்த்தவன் என்பதற்காகத்தான் இவர் என்னிடம் வருகிறார் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பெயரை வைத்துத்தான் நான் பட்டறையே தொடங்கினேன். அந்தப் பெயரில் இருந்து நான் எடுத்துச் செலவழித்துக்கொண்டிருந்தேன் என்பதை அந்த வரப்பில் நின்றுதான் தெரிந்துகொண்டேன்.

சபைகளில் ‘சாட்சி கெட்டுப்போச்சு’ என்று ஒரு பேச்சு உண்டு. யாராவது குடித்து விழுந்தால், கோர்ட்டுக்குப் போனால், பெண் விஷயத்தில் மாட்டினால் சொல்வார்கள். வார்னிஷ் காய்கிறது என்பதற்கெல்லாம் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். எனக்கோ இப்படிப்பட்ட இடத்தில்தான் அது அதிகம் கெடுகிறது என்று தோன்றுகிறது. பெரிய பாவத்தை ஒரு பையன் பார்த்தால் அது பாவம் என்று அவனுக்கே தெரியும், ஒதுங்கிக்கொள்வான். சின்னதை அவன் தொழில் என்று எடுத்துக்கொள்கிறான்.

கலாத்தியர் நிருபத்தில் பேதுரு செய்ததை அதற்கு அப்புறம் நிறைய தடவை வாசித்தேன். அந்தியோகியாவில் புறஜாதிக்காரர்களோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து சில பேர் வந்ததும் பயந்து பந்தியைவிட்டு விலகிவிடுகிறார். எந்த உபதேசமும் செய்யவில்லை. இனி யாரும் சேர்ந்து சாப்பிடாதீர்கள் என்று சொல்லவில்லை. எழுந்து போனார், அவ்வளவுதான். மற்ற யூதர்களும் எழுந்து போகிறார்கள். பர்னபாவும் இழுபட்டுப் போகிறார். பவுலைத் தேடிப்போய் அந்தியோகியாவுக்குக் கூட்டிவந்த பர்னபா! அந்த ஊரில் ஒரு வருஷம் உட்கார்ந்து உபதேசித்தவர்! பவுல் பேதுருவை எல்லாருக்கும் முன்னால் வைத்துக் கேட்டது எனக்கு முன்பெல்லாம் கொஞ்சம் கடுமையாகத் தோன்றும். இப்போது தோன்றவில்லை. எல்லாரும் பார்க்க எழுந்து போனதை, தனியாகக் கூப்பிட்டுச் சரிசெய்ய முடியாது.

பந்தியைப் பற்றிப் பேசினால் எங்கள் ஊர்க் கதையையும் சொல்ல வேண்டும். அமெரிக்க மிஷன் மதுரைக்கு வந்தது 1834இல். அந்த நூற்றாண்டின் நடுவில், சாதி பார்க்காமல் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட மறுத்தவர்களைச் சபையைவிட்டு நிறுத்திவைத்தார்கள். நிறுத்தப்பட்டவர்களில் உபதேசியார்களே இருந்தார்கள். ஊர் ஊராகப் போய்க் கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்று சொல்லிக்கொடுத்தவர்கள், ஒரு தட்டுச் சோற்றுக்கு முன்னால் நின்றுவிட்டார்கள். அது முடிந்த கதை என்று எனக்குச் சொல்ல ஆசைதான். கிறிஸ்தவக் கல்யாண விளம்பரங்களில் இன்றைக்கும் சாதி போட்டுத்தான் வருகிறது. பிள்ளைகள் அதை வாசிக்கிறார்கள். ஞாயிறு பள்ளியில் பத்து வருஷம் படித்த பாடத்தைவிட அந்த இரண்டு வரி அவர்களுக்குத் தெளிவாகப் புரிகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாடம் எடுத்தேனா என்று கேட்டால், எடுத்தேன். குறிப்பை வெளியே எடுக்கவில்லை. வியாழக்கிழமை போனில் நடந்ததையும் வெள்ளிக்கிழமை தோட்டத்தில் நடந்ததையும் சொன்னேன். இருபது பேர் இருந்தார்கள். ஒரு தங்கை நர்ஸ் வேலை பார்க்கிறாள். அளந்து பார்க்காமலே பிரஷர் எழுதுகிற ஒரு வழக்கம் தன்னுடைய வார்டில் உண்டு, தானும் ராத்திரி ட்யூட்டியில் எழுதியிருக்கிறேன் என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். இன்னொரு தம்பி, “அண்ணே, நீங்க வரதட்சணை வாங்கினீங்களா?” என்று கேட்டான். பெஞ்சு பெஞ்சாக மௌனம். ஏனென்றால் அதற்கு முந்தின வருஷம் வரதட்சணை பாவம் என்று ஒரு பாடம் எடுத்தவனும் நானே.

“வாங்கினேன்” என்றேன். 20 பவுன். நாங்கள் கேட்கவில்லை, அவர்களாகப் போட்டார்கள் என்று சொல்லலாம், எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் போடாமல் இருந்தால் என் அம்மா என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், மாமனாருக்கும் தெரிந்திருக்கும். அதில் ஒரு பங்கு பட்டறை அட்வான்ஸுக்குப் போனது. இதையும் சொன்னேன். என் மனைவி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போகும் வழியில், “இத்தனை வருசத்துல எங்கிட்டகூட இப்படி ஒத்துக்கிட்டதில்ல” என்றாள். சகேயு நாலத்தனையாகத் திருப்பிக் கொடுத்தான். நான் இன்னும் கொடுத்து முடிக்கவில்லை. மகளின் கல்யாணத்தில் வாங்கவும் கொடுக்கவும் கூடாது என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். அது மாமனாருக்குப் பதிலாகாது என்பதும் தெரிகிறது.

அந்த வருஷம் ஆடியில் டி. கல்லுப்பட்டியில் ஒரு மோட்டார் மாட்டப் போனபோது, வேலை முடிந்து தம்பியையும் கூட்டிக்கொண்டு காந்தி நிகேதன் ஆசிரமத்துக்குப் போய்வந்தேன். ஜே.சி. குமரப்பா கடைசிக் காலத்தில் இருந்த இடம் அது. தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் 1892இல் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, அதையெல்லாம் விட்டுக் காந்தியோடு சேர்ந்தவர். 1934 பீகார் பூகம்பத்தின்போது நிவாரண நிதிக் கணக்கு அவர் கையில். காந்தியும் அவரோடு வந்தவர்களும் அங்கே தங்கியபோது, அவர்களுடைய சாப்பாட்டுச் செலவை அந்த நிதியிலிருந்து கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். பூகம்பத்தில் வீடு இழந்தவனுக்கு வந்த காசு அது, காந்தியே ஆனாலும் தொடக் கூடாது. அவரைப் பற்றி எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. சிறையில் இருந்தபோது இயேசுவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதன் தலைப்பில் இயேசுவின் நடைமுறை முதலில் வரும், போதனை அதற்கு அப்புறம்தான் வரும். 1960 ஜனவரி 30ஆம் தேதி, காந்தி இறந்த அதே தேதியில், மதுரையில் இறந்தார். தம்பிக்கு அந்தப் பீகார் கதையைச் சொன்னேன். “அப்ப காந்திக்கு யாருண்ணே சோறு போட்டது?” என்று கேட்டான். நல்ல கேள்வி. அவங்க செலவை அவங்களே பார்த்திருப்பாங்கப்பா என்றேன்.

நான் அவனை மதம் மாற்றுவதற்காக வேலைக்குச் சேர்க்கவில்லை. அவன் வீட்டில் பாண்டி முனீஸ்வரர் கும்பிடுகிறார்கள், அவனும் கும்பிடுகிறான். ஆயுத பூஜைக்கு முதல் நாள் நானும் உட்கார்ந்து ஸ்பேனர் கழுவுகிறேன். என் ஆண்டவர் எப்படிப்பட்டவர் என்று அவன் என்னைப் பார்த்துத்தான் ஒரு எண்ணம் வைத்திருப்பான். ஏழு மாதம் அவன் பார்த்த ஆண்டவர் கோடையில் பொய் சொல்கிறவரை ஒன்றும் சொல்லாத ஆண்டவர். இதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

பவுல் கொரிந்தியருக்கு, நான் கிறிஸ்துவைப் பின்பற்றுகிறது போல நீங்கள் என்னைப் பின்பற்றுங்கள் என்று எழுதுகிறார். அந்த முதல் பாதியை நான் முன்பு ஒரு மரியாதைப் பேச்சாக எடுத்துக்கொண்டேன். இப்போது பெரியண்ணன் நோட்டாகத் தெரிகிறது. என்னை எண்ணிப் பார், ஆனால் நோட்டோடும் ஒத்துப் பார். வாலிபர் கூட்டத்துப் பிள்ளைகளிடம் இதைத்தான் இப்போது அடிக்கடி கேட்கிறேன். என்னிடம் எங்கே சுற்று குறைகிறதோ அங்கே சொல்லுங்கள். சொல்கிறார்கள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பட்டறையில் போனுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டினோம். எந்த ஊர் மோட்டார், வந்த தேதி, பிரித்தாயிற்றா, கட்டியாயிற்றா, வார்னிஷா, எந்தக் கிழமை முடியும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். யார் போன் எடுத்தாலும் பலகையில் இருப்பதைத்தான் படிக்க வேண்டும். எழுதுகிற பொறுப்பு தம்பிக்கு. அந்தக் கோடையில் ஆறு பேர் மோட்டாரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். அதில் இரண்டு பேர் பல வருஷமாக வந்துகொண்டிருந்தவர்கள். அவர்கள் மறுபடி வரவில்லை. நல்லது செய்தால் வியாபாரம் பெருகும் என்று சாட்சி சொல்கிறவர்களை நான் நம்புகிறேன், அவர்களுக்கு அப்படி நடந்திருக்கும். எனக்கு அந்த வருஷம் வருமானம் குறைந்தது.

போன வைகாசியில் அந்த மல்லிகைத் தோட்டத்துப் பெரியவர் வேறொரு மோட்டாரோடு வந்தார், பேரனின் வண்டியில். இறக்கி வைத்துவிட்டு எப்போது கிடைக்கும் என்றார். கையில் இருந்த வேலையைப் பார்த்தேன், அவர் முகத்தைப் பார்த்தேன். “வெள்ளிக்கிழமை தந்துரலாம்யா” என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. பலகைக்குக் கீழே நின்று சாக்பீஸ் தேடிக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்து, “வெள்ளியாப்பா?” என்று கேட்டார்.

தம்பி பலகையை மேலிருந்து கீழே ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்தான். “வெள்ளி முடியாதுங்கய்யா. முன்னாடி நாலு இருக்கு. திங்கக்கிழமை வச்சுக்கங்க” என்றான். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

பெரியவர் பேரனிடம், “திங்கக்கிழமை ஆள் சொல்லிரு” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். தம்பி கடைசிக் கட்டத்தில் ‘திங்கள்’ என்று எழுதினான்.